பரிசோதிக்காமல் அனுப்பப்படுகிறது

மஸ்கட்,
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சோனியா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நான் சுகம். நீங்களும் உங்கள் தம்பியும் கிறிஸ்டினாவும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு உடனே கிறிஸ்டினாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த மெயில். எழுதினால் நம் இரண்டு பேருக்கும் கொஞ்சம் பேச்சு வருகிறது.

ஒரு நல்ல செய்தி அண்ணி. சலாலாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே கிளினிக்கில் ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழுகிறோம். அங்கே குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறார்கள். உங்கள் தம்பியின் உடம்பு இனி ரோலிங் மில் சூட்டைத் தாங்காது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். அவரையும் கிறிஸ்டினாவையும் அழைத்துக்கொள்ளலாம். அவளை ஆறு வயதில் உங்களிடம் விட்டுவிட்டு வந்தேன். இப்போது பதினொன்று. நீங்கள் இல்லாவிட்டால் நான் வந்திருக்கவே முடியாது.

ஒன்றே ஒன்று பாக்கி. நான் நம் கம்பெனி முதலுதவி அறையில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்ததைக் கம்பெனியே உறுதிசெய்ய வேண்டும். அதற்கென்று ஒரு சரிபார்ப்பு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் பர்சனல் மேனேஜர் பரசுராமன் சாரின் ஆபீஸ் மெயிலுக்குத்தான் லிங்க் அனுப்புவார்கள், வேறு முகவரியை ஏற்கமாட்டார்கள். அந்த லிங்க்கைத் திறந்து, வரும் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். ஜூன் மாதமே அனுப்பிவிட்டார்களாம், பதில் இல்லை. நவம்பர் முப்பதுக்குள் முடியாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். நீங்கள் அதே கம்பெனியின் லேபில் இருப்பதால் சாரிடம் ஒரு வார்த்தை கேட்கமுடியுமா?

கிறிஸ்டினாவுக்கு என் முத்தம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சோனியா


கவரைப்பேட்டை,
13 ஜூலை 2025

அன்புள்ள சோனியாவுக்கு,

இங்கே மூவரும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மோசமாகவில்லை என்பதால் பரவாயில்லை என்றுதான் சொல்ல முடியும்.

சலாலா செய்தியைப் படித்தேன். வாழ்த்துகள்.

பரசுராமனிடம் திங்கட்கிழமையே கேட்டேன். உன் பெயரைச் சொன்னதும் இடது கைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "சோனியா சிஸ்டரா? இந்த வெரலு இன்னும் ஒட்டிக்கினு கீதுன்னா அது அவங்க கட்டுன கட்டு மேடம். அவங்களுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றார். சொல்லிவிட்டு, ஒரு மாதமாகக் கேட்பாரில்லாமல் கிடந்த உன் மெயிலைத் தேடி எடுத்து எனக்கு அனுப்பினார்.

எனக்கு ஏன் அனுப்பினார் என்று சொல்ல வேண்டும். நீ போன பிறகு வந்த ஏற்பாடு இது. போன வருஷம் யாரோ ஒரு போலி மெயிலில் இருந்த லிங்க்கை அழுத்தி, ஸ்டோர்ஸில் நான்கு கம்ப்யூட்டர்கள் ஒரு வாரம் முடங்கின. அதிலிருந்து வெளி லிங்க் எதையும் யாரும் நேராகத் திறக்கக்கூடாது. முதலில் லேபுக்கு வர வேண்டும். நான் தனியாக வைத்திருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்து, பதிவேட்டில் "பரிசோதிக்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்ட பிறகே அவர்கள் தொடலாம். "யாரையும் நம்பாத ஆளு ஒருத்தர் வேணும். நம்ம லேப் மேடத்த வுட்டா யாரு கீறாங்க?" என்று கூட்டத்தில் என் பெயரைச் சொன்னவரும் பரசுராமன்தான். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

உன் லிங்க்கைத் திறந்தேன். "பக்கம் காணப்படவில்லை" என்று வருகிறது. மூன்று நாள் வேறுவேறு நேரத்தில் முயன்றேன், அதே பதில்தான். மெயில் திரையில் தெரிவதைப் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். இந்த நிறுவனம் உண்மையானதுதானா என்று விசாரித்தாயா? மருத்துவமனையின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் உண்டு.

கிறிஸ்டினாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது இல்லை. தம்பி ராபின் நேரத்துக்குச் சாப்பிடுகிறான். நீயும் வேளைக்குச் சாப்பிடு.

ஏஞ்சலின்


மஸ்கட்,
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கிறிஸ்டினாவின் சளி விட்டது அறிந்து நிம்மதி. துளசி போட்டு ஆவி பிடிக்க வைத்தீர்களாம், போனில் பெரிய புகாராகச் சொன்னாள்.

நிறுவனம் உண்மையானதுதான். எங்கள் கிளினிக்கிலிருந்து போன இரண்டு நர்ஸ்களுக்கும் அவர்கள்தான் பார்த்தார்கள். இங்கே கம்ப்யூட்டர் பிரிவில் மோசஸ் என்று ஒருவர் இருக்கிறார். நம் பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்காரர். அவர் பேச்சைக் கேட்டால் பொன்னேரி பஸ்ஸில் நிற்பதுபோல இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சிஸ்டர், லிங்க்கு சாவல. ரெண்டா ஒடஞ்சிக்கினு கீது. உங்க கம்பெனி மெயிலு பழைய காலத்துது. ஒரு வரியில இத்தினி எழுத்துதான் புடிக்கும்னு மீதிய அடுத்த வரியில தள்ளிடுது. மேல் வரி மட்டும்தான் நீலமா கீது பாருங்க. அத அழுத்துனா பாதி விலாசத்துக்குப் போயி ஊட்ட தேடுற மாதிரி. எப்படிக் கெடைக்கும்?"

அதனால் இரண்டு வரிகளையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, நடுவில் ஓர் இடைவெளிகூட இல்லாமல் சேர்க்க வேண்டுமாம். சேர்த்ததை முழுதாக எடுத்து மேலே விலாசம் அடிக்கும் இடத்தில் போட்டால் திறக்கும் என்கிறார். கொஞ்சம் முயன்று பாருங்கள் அண்ணி.

இங்கே வெயில் நாற்பத்தைந்தைத் தாண்டுகிறது. நீங்கள் வெயிலில் ஸ்டேஷனிலிருந்து நடக்காதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

அன்புடன்,
சோனியா


கவரைப்பேட்டை,
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சோனியாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம் தணிக்கை. இரண்டு வாரம் லேபிலிருந்து தலை நிமிரவில்லை.

மோசஸ் சொன்னது சரி. இரண்டு வரிகளையும் சேர்த்தேன். உடனே திறந்தது. உன் பெயர், பிறந்த தேதி, கம்பெனியின் பெயர், கீழே நிரப்ப வேண்டிய கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பாதுகாப்பானது என்பதற்கான பூட்டுக் குறி இருந்தது. விலாசத்தை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். எதையும் நிரப்பாமல் மூடிவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, சேர்த்த லிங்க்கை மறுபடி உடையாதபடி நோட்பேட் கோப்பாகவே பரசுராமனுக்கு அனுப்பினேன்.

அவர் மறுநாள் காலை திறந்தபோது "இந்த இணைப்பு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்ததாம். நானும் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முதல் நாள் திறந்தது மறுநாள் திறக்கவில்லை என்றால் கோளாறு அவர்கள் பக்கம்தான். இப்படிப்பட்ட நிறுவனத்தை நம்பி ஒரு மருத்துவமனை இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அவர்களிடம் கேள்.

கிறிஸ்டினாவுக்கு மாதத் தேர்வில் கணக்கில் நாற்பதுக்கு முப்பத்தாறு. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஏஞ்சலின்


மஸ்கட்,
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

அவர்களுக்கு எழுதினேன். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று முறைதான் லிங்க் அனுப்புவார்களாம். மூன்றும் வீணானால் கோப்பை மூடிவிடுவார்களாம். ஒன்று போய்விட்டது. இரண்டாவது அடுத்த வாரம் வரும். அவர்கள் கணக்குப்படி முதல் லிங்க் ஜூலை 31 மாலை நாலு மணிக்கு ஒரு தடவை திறக்கப்பட்டிருக்கிறது, ஆனால் நிரப்பப்படவில்லை.

அது நீங்கள் பார்த்ததுதானே அண்ணி? வேறு யாரும் அந்த மெயிலைத் தொட வழியில்லையே? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இந்த முறை சாரைச் சீக்கிரம் நிரப்பச் சொல்லுங்கள். கிறிஸ்டினாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டு நடக்காமல் போனால் தாங்கமாட்டாள்.

உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சோனியா


கவரைப்பேட்டை,
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சோனியாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் நலம் விரும்புகிறேன்.

இரண்டாவதும் போய்விட்டது. இம்முறை இன்னும் கவனமாக இருந்தேன். வரிகளைச் சேர்த்து, திறந்து, சரியாக இருப்பதை இரண்டு முறை படித்துப் பார்த்து, மூடி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பரசுராமன் குடும்பத்தோடு பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். வியாழக்கிழமை வந்ததும் முதல் வேலையாகத் திறந்திருக்கிறார். அதே வாசகம். "மேடம், நான் தொட்டாலே அணைஞ்சுபோவுது. அம்மனுக்கு வேப்பஞ்சேல கட்டிக்கினு வந்த ராசியப் பாத்தீங்களா?" என்றார்.

நீ கேட்டதற்குப் பதில்: ஜூலை 31 மாலை திறந்தது நான்தான். அதை முன்பே எழுதியிருக்கிறேன்.

கிறிஸ்டினா கோ-கோ அணியில் சேர்ந்திருக்கிறாள். புதன்கிழமை முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். ராபின் டிங்சர் பாட்டிலை எடுத்ததுமே ஊரைக் கூட்டினாள். நான் துடைத்தபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வலிக்கவில்லையா என்று கேட்டேன். "வலிக்குதுன்னா நீ 'அப்படியா?'ன்னு கேப்ப அத்தை. எதச் சொன்னாலும் 'அப்படியா'தான். பேஜாரா கீது உன்னோட" என்றாள். பிறகு என் மடியிலேயே தூங்கிவிட்டாள். எடை கூடியிருக்கிறாள். தூக்கிப் படுக்கவைக்க ராபின் வர வேண்டியிருந்தது.

வேறு செய்தி இல்லை. உடம்பைக் கவனி.

ஏஞ்சலின்


மஸ்கட்,
2 செப்டம்பர் 2025

அண்ணிக்கு,

இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. நான் சொல்லும்வரை அனுப்ப வேண்டாம் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன்.

கேட்கக்கூடாது. ஐந்து வருஷம் என் பிள்ளையைச் சுமந்தவரிடம் கேட்கவே கூடாது. ஆனாலும் கேட்கிறேன். கிறிஸ்டினா உங்களை விட்டுப் போகக்கூடாது என்று உங்கள் மனதில் இருந்தால், என்னிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். லிங்க் மேல் பழி போட வேண்டாம்.

சோனியா


கவரைப்பேட்டை,
12 அக்டோபர் 2025

அன்புள்ள சோனியாவுக்கு,

இங்கே மூவரும் நலமே. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

உன் கடிதத்துக்கு நாற்பது நாள் பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மணி அடித்ததும் எடுக்காமலேயே கிறிஸ்டினாவிடம் நீட்டினேன். முதல் வாரம் கோபம். உண்மையிலேயே கோபம்தான். ராபினிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சோதனைக்கு எடுத்த மாதிரிப் பொருள் இரண்டு தடவை ஒரே விதமாகக் கெட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சோதித்தவரின் கையை. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்வது நான். என் கையை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

பிறகு ஒரு சோதனை செய்தேன். நான் புத்தகம் வாங்கும் இணையக் கடையில் கடவுச்சொல் மறந்துவிட்டதாகச் சொல்லி ஒரு லிங்க் வரவழைத்தேன். லேபில் திறந்தேன், எதையும் நிரப்பாமல் மூடினேன். அதையே ராபினின் போனில் திறந்தேன். "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது." இன்னொன்று வரவழைத்தேன். அதைத் திறக்காமல் அப்படியே ராபினுக்கு அனுப்பினேன். திறந்தது. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தேன். மூன்று தடவையும் அதே முடிவு. "இன்னாக்கா, கடைக்காரனோட வெளாடுறியா?" என்றான் உன் புருஷன்.

இந்த மாதிரி லிங்க் ஒருமுறைதான் திறக்கும். திறந்தவர் அப்போதே நிரப்ப வேண்டும். மூடினால் செத்துவிடும். நல்லதா என்று பார்ப்பதற்காக நான் திறந்தேன், பார்த்ததாலேயே அது செத்தது. இரண்டையும் கெடுத்தது நான்தான். அவர்கள் பக்கம் ஒரு கோளாறும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நீ மன்னித்துவிடுவாய். அதனால்தான் இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. நாற்பது நாள் ஆனது இதற்காகத்தான்.

ஆகஸ்ட் 28 அன்று பரசுராமன் போன் செய்து "இதுவும் போச்சு மேடம்" என்றபோது எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் கிறிஸ்டினாவுக்கு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போனேன். சாதாரண வியாழக்கிழமை. பண்டிகை இல்லை, பிறந்தநாள் இல்லை. எதற்காக வாங்கினேன் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

நான் தெரிந்து கெடுக்கவில்லை. கெட்டுப்போனதில் சந்தோஷப்பட்டேன். நீ கேட்டதற்கு இதுதான் பதில்.

மூன்றாவதை அனுப்பச் சொல். நான் திறக்கமாட்டேன். வரிகளைச் சேர்ப்பது எப்படி என்று பரசுராமனுக்குச் சொல்லித்தந்துவிட்டேன். அவரே சேர்த்து, அவரே திறந்து, அங்கேயே நிரப்புவார்.

சாப்பிடு. இளைத்துவிட்டாய் என்று கிறிஸ்டினா சொன்னாள்.

ஏஞ்சலின்


மஸ்கட்,
14 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

உங்கள் கடிதத்தை டியூட்டிக்கு இடையில் மருந்து அறையில் நின்றுகொண்டே படித்தேன். பாதிவரை படித்ததும் மோசஸிடம் ஓடிப்போய்க் கேட்டேன், இப்படியும் நடக்குமா என்று. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட நைனா! நானே கேட்டிருக்கணும் சிஸ்டர். இது ஒருதபா லிங்க்கு. உங்க அண்ணி இன்னா பண்ணிக்கிறாங்க தெரியுமா? நெருப்புக்குச்சி நல்லா எரியுதான்னு ஒரசிப் பாத்து, எரியுதுன்னு சீட்டு எழுதிக் குச்சிய திரும்பப் பெட்டியில வெச்சிக்கிறாங்க. இத்தினி வருசத்துல இவ்ளோ பொறுப்பா ஒருத்தர் கெடுத்து நான் பாத்ததில்ல."

நான் சிரித்த சிரிப்பில் வார்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. அண்ணி, அந்தச் சிரிப்பு எப்படி வந்தது தெரியுமா? ஒன்றரை மாதமாக உங்களைத் திட்டிக்கொண்டேதான் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். அறையில் இருக்கும் ஐந்து பேரிடமும் உங்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லவில்லை. இனி ஒவ்வொருத்தியிடமும் போய்த் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மீதிப் பாதியை அறைக்குப் போய்ப் படித்தேன். வஞ்சிரத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து அழுதேன். கோபத்தால் இல்லை. சும்மா ஒரு வியாழக்கிழமை அவளுக்கு மீன் வாங்கிக்கொண்டு போக அங்கே ஓர் ஆள் இருந்ததால்தான் நான் இங்கே ஐந்து வருஷம் நின்றேன். இதை எழுதாமல் மறைத்திருந்தால் எனக்கு எப்போதும் தெரிந்திருக்காது. ஏன் எழுதினீர்கள் என்று யோசிக்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

மூன்றாவது லிங்க் தீபாவளி விடுமுறை முடிந்து புதன்கிழமை வரும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் இருந்த பயம் வேறு.

உங்கள் முழங்காலுக்கு என் ஜெபம்.

சோனியா


கவரைப்பேட்டை,
26 அக்டோபர் 2025

அன்புள்ள சோனியாவுக்கு,

எல்லோரும் நலம். போனில் முடிந்தது என்று மட்டும் சொன்னேன். எப்படி முடிந்தது என்று நீ கேட்டாய். எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை பதினொன்றுக்கு மெயில் வந்தது. விதிப்படி பரசுராமன் எனக்கு அனுப்பினார். நான் அதைத் தொடாமல், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்கே போனேன். அவர் முன்னால் எழுதினேன்: "பரிசோதிக்காமல் அனுப்பப்படுகிறது. பொறுப்பு என்னுடையது." கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"மேடம், நீங்க பாக்கலியா?"

"இல்ல."

"ஒருதபா கூடவா?"

"ஒருதபா கூட இல்ல."

"இன்னா மேடம் இது, சாமியாரு கறி துன்ன மாதிரி கீது" என்றார். பிறகு வரிகளைச் சேர்த்தார். கையை மௌஸ் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன். அழுத்துங்க."

திறந்தது. மூலையில் முப்பது நிமிஷம் என்று ஒரு கடிகாரம் இறங்கத் தொடங்கியது. பரசுராமன் ஒற்றை விரலில் தட்டச்சு செய்கிறவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. உன் கோப்பை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தேதி தேதியாகத் தேடினார். நடுவில் போன் அடித்தது. கையை நீட்டினார். "எடுக்காதீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பூட்டுக் குறி இருக்கிறதா என்று பார்க்க என் கண் திரும்பத் திரும்ப மேலே போனது. அதனால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே லாரி ஒன்று பின்னால் வரமுடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டம் நடத்தை. "நன்று, மிக நன்று ரெண்டுதான் கீது. கீழ எழுத எடம் வுட்டுக்கிறாங்க. வெரலப் பத்தி எழுதவா?" என்றார். நேரம் நாலு நிமிஷம் இருந்தது. எழுதச் சொன்னேன். நாலு வரி எழுதினார். அனுப்பினார்.

"நன்றி. உங்கள் பதில் பெறப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லேபுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் இல்லை, நிம்மதியால்தான். ஆகஸ்டில் வந்தது போன்றது இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

கிறிஸ்டினாவிடம் நானே சொல்லட்டுமா என்று கேட்டிருந்தேன், நீ சரி என்றாய். நேற்று சொன்னேன். முதலில் குதித்தாள். அப்புறம், "அப்ப நீ?" என்றாள்.

"நான் இங்கதான்."

"தனியா இன்னா பண்ணுவ?"

"உன் சத்தம் இல்லாம தூங்குவேன்."

சிரித்தாள். ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

நீ நன்றாகத் தூங்கு இனி.

ஏஞ்சலின்


சலாலா,
26 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். "நாங்கள் மூவரும்" என்று எழுதவே கை கூசுகிறது. நீங்கள் சுகமா? கிறிஸ்டினாவின் பரீட்சை முடியும்வரை பொறுத்தது நல்லதாயிற்று. விசாவும் வீடும் அதற்குள் ஒழுங்காகிவிட்டன. வீட்டுக்குப் பின்னால் தென்னைமரங்கள். உங்கள் தம்பி வந்த நாளிலிருந்து இருமவில்லை.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கிறிஸ்டினா விருந்தாளி மாதிரி இருக்கிறாள். ஃப்ரிட்ஜைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்கிறாள். முதல் நாள் ஆசையாக மோர் கரைத்துக் கொடுத்தேன், "தேங்க்ஸ்மா" என்று வாங்கி, நான் திரும்பியதும் தொட்டியில் ஊற்றிவிட்டாள். என் மகளுக்கு மோர் பிடிக்காது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணி. இன்னும் என்னென்ன தெரியாதோ.

அவளுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எப்போது கோபம் வரும், எப்படிச் சமாதானம் செய்வது, எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி அனுப்புங்கள். நான் அப்படியே நடந்துகொள்கிறேன்.

உங்களுக்கு அங்கே எப்படி இருக்கிறது? பரவாயில்லை என்று எழுதாதீர்கள்.

அன்புடன்,
சோனியா


கவரைப்பேட்டை,
3 மே 2026

அன்புள்ள சோனியாவுக்கு,

நலம். ராபின் இருமவில்லை என்பதில் மகிழ்ச்சி. அவனைப் புகையிலிருந்து தள்ளி வை.

நீ கேட்ட பட்டியலை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். ஆபத்துக்கு வேண்டியது இரண்டு மட்டும் எழுதுகிறேன். அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது, ராபினுக்கு அது நினைவிருக்காது. காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசுவாள். மற்றதெல்லாம் அவளே உனக்குச் சொல்லட்டும். நான் எழுதித் தந்தால் நீ நான் வளர்த்த பெண்ணைத்தான் வளர்த்துக்கொண்டிருப்பாய்.

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்படாதே. ஒரு நாள் கேட்காமல் திறந்து எதையாவது கொட்டுவாள். அன்று நன்றாகத் திட்டிவிடு. நீ திட்டுவாயா என்று தெரியாமல்தான் இப்போது பதவிசாக இருக்கிறாள்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்குச் சமைக்கும் அளவு இன்னும் கைக்கு வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. ஆனால் போன செப்டம்பரில் அவள் என் பக்கத்திலேயே படுத்திருந்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன். இப்போது அப்படி இல்லை. நேற்று வீடியோவில் அவளை நன்றாகப் பார்த்தேன். கறுத்திருக்கிறாள். வெளியே போனால் தொப்பி போட்டு அனுப்பு.

ஏஞ்சலின்